டில்லியிலிருந்து உழுத நிலம்

பிரயாணம் கிளம்புகிறவர்கள் வீட்டில் மறந்துவிட்டுப் போகும் சாமான்களின் ஜாபிதா மிகவும் நீளமானது. மூக்குக் கண்ணாடி, பெட்டிச் சாவி, பல் விளக்கும் பிரஷ் என்று சொல்லிக்கொண்டே போகலாம். சென்ற மாதம் டில்லிக்குக் கிளம்பியபோது இவற்றில் எதையும் நாம் மறக்கவில்லை. ஆயினும் முக்கியமான ஒரு சொத்தை விட்டுவிட்டே போகவேண்டியிருந்தது. அதுதான் நம்முடைய விளைநிலம்!

நமக்கு ஏது நிலம் என்று நேயர்கள் ஆச்சரியப்பட வேண்டாம். பட்டாவும் இல்லாத, கிஸ்தியும் இல்லாத நிலம் அது. 'ஸ்டார்ட்யூ வேலி' என்னும் கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் இருக்கிறது. எரிக் பரோன் என்ற அமெரிக்கர் சுமார் நாலரை வருஷம் தன்னந்தனியாக உழைத்து 2016-ல் வெளியிட்ட விளையாட்டு. உத்தியோகத்தில் சலிப்படைந்த ஒருவர், பாட்டனார் விட்டுப்போன தோட்டத்துக்குப் போய்ப் பயிரிட்டு வாழ்வதே அதன் கதை. நாமும் பதினொரு வயதுள்ள நம் புதல்வியும் ஒரு வருஷமாக, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்த நிலத்தைச் சேர்ந்து பண்படுத்தி வருகிறோம்.

சென்ட்ரல் ஸ்டேஷனில் வண்டி நகரும் சமயத்தில் அவள், "அப்பா! நீங்கள் இல்லாமல் ஒரு நாளும் நான் விளையாட மாட்டேன். நாலு ராத்திரியும் நிலம் சும்மாதான் கிடக்கும்" என்றாள். டில்லி போய்ச் சேரும்வரையில் அந்த வார்த்தை நம்மைக் குடைந்துகொண்டே வந்தது.

அந்த விளையாட்டைச் செல்பேசியிலேயே வாங்கி ஆடலாமே என்று சிலர் கேட்பீர்கள். வாஸ்தவந்தான். ஆனால் அது வேறு நிலம். நாமும் அவளும் வேலி போட்ட நிலம் சென்னையில், கூடத்து மேஜையின்மேல் இருக்கிறது. அதை எட்டுவதற்குத்தான் வழி வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. சோனி கம்பெனியார் 2006-லேயே பிளேஸ்டேஷன் 3 யந்திரத்தைக் கையடக்கமான பி.எஸ்.பி. மூலம் தூரத்திலிருந்து இயக்க வகை செய்தார்கள். கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விற்கும் 'ஸ்டீம்' நிலையத்தார் 2014-ல் ஓர் அறையில் ஓடும் ஆட்டத்தை அதே வீட்டின் மற்றோர் அறையில் ஆட வழி தந்தார்கள். 2019-ல் வீட்டுக்கு வெளியே எங்கிருந்தும் ஆடலாம் என்று ஆக்கினார்கள். இதன் சூட்சுமம் எளிதானது. ஆட்டம் ஓடுவது வீட்டு யந்திரத்திலேதான். அது தன் திரையில் தோன்றும் காட்சியைச் சினிமாப் படம்போல் சுருட்டி இன்டர்நெட் வழியாக அனுப்புகிறது. நாம் இங்கே பித்தானை அழுத்தினால் அந்தச் செய்தி வீட்டுக்கு ஓடுகிறது.

இதில் சத்துரு ஒருவன் இருக்கிறான். அவன் பெயர் தாமதம். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சென்னைக்கும் டில்லிக்கும் ஆகாய மார்க்கமாகச் சுமார் 1,750 கிலோமீட்டர். போய்வர, ஆயிரத்தில் பதினெட்டுப் பங்கு விநாடியாவது பிடிக்கும். எவ்வளவு பணம் கொடுத்தாலும் இதற்குக் குறைக்க முடியாது. கம்பி வளைந்து வளைந்து போகிற நேரம், காட்சியைச் சுருட்டி விரிக்கிற நேரம், ஹோட்டல் வைஃபையில் நூறு பேர் நெருக்குகிற நேரம் எல்லாம் இதற்கு மேலே.

ஆட்டத்துக்கு ஆட்டம் தாமதத்தின் கொடுமை வேறுபடும். லண்டன் சதுரங்க சங்கத்தாரும் எடின்பரோ சங்கத்தாரும் 1824 முதல் 1828 வரையில் தபால் மூலமாகவே சதுரங்கம் ஆடினார்கள். எடின்பரோ ஜயித்தது. நாலு வருஷத் தாமதத்தால் அந்த ஆட்டத்துக்கு ஒரு குறைவும் வரவில்லை. ஆனால் துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் கால் விநாடி தாமதித்தால் ஆள் அவுட்!

நிற்க. முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கு ஹோட்டல் அறையில் அமர்ந்து செல்பேசியைத் தட்டினோம். சென்னையில் கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டது. நம் நிலம் கண்முன் தோன்றியது! மண்வெட்டியை எடுத்து வெட்டத் தொடங்கினோம். அதே சமயம் கூடத்தில் ஜபம் செய்துகொண்டிருந்த நம் தாயார், யாரும் தொடாமலே திரையில் மண்வெட்டி ஆடுவதைக் கண்டு, "அடி பெண்ணே! பெட்டியில் ஏதோ புகுந்திருக்கிறது, வா!" என்று கூவினார்களாம். ஓடி வந்த புதல்வி, "பாட்டி, அது பேய் இல்லை. அப்பா!" என்றாளாம். உடனே டெலிபோன் வந்தது.

உழவு சுகமாகவே நடந்தது. விதையும் நீரும் அரை விநாடி பிந்தினால் பயிர் கோபித்துக்கொள்வதில்லை. மீன் பிடிப்பதில்தான் நம் மானம் போயிற்று. மேலும் கீழும் துள்ளும் மீனின்மேல் பச்சைக் கட்டம் ஒன்றை விடாமல் நிறுத்தவேண்டும். நாம் துரத்தியதோ மீனை அல்ல. மீன் சற்று முன்பு இருந்த இடத்தை! ஏழு மீன்கள் தப்பின.

"தூண்டிலை என்னிடம் விட்டுவிடுங்கள், அப்பா. நான் பக்கத்திலேயே இருக்கிறேனே" என்றாள் அவள். வீட்டுக் கம்ப்யூட்டரின் சாவிப்பலகை அப்போதும் வேலை செய்யும் என்பது நமக்குத் தோன்றவே இல்லை. அன்று முதல் உழவு டில்லியிலும் மீன்பிடி சென்னையிலுமாக நடந்தன.

செய்து பார்க்க விரும்புவோருக்குச் சில யோசனைகள். விநாடிக்கு 10 மெகாபிட் வீதம் காட்சி வந்தால் ஒரு மணிக்கு நாலரை ஜி.பி. செலவாகும், ரேஷன் அரிசிபோல் நாளுக்கு இரண்டு ஜி.பி. அளந்து தரும் செல்பேசித் திட்டம் அரைமணியில் காலி. வீட்டு யந்திரத்தைத் தூரத்திலிருந்து எழுப்பும் ஏற்பாட்டை ஊருக்குப் புறப்படுமுன் பரீட்சித்துவிடுங்கள். நீங்கள் ஆடும் நேரத்தில் வீட்டார் அதில் வேறு வேலை பார்க்க முடியாது. ஆகையால் அனுமதி பெறுங்கள். வாடகை யந்திரங்களும் உண்டு. ஆனால் கூகிள் கம்பெனியார் 2019 நவம்பரில் திறந்த 'ஸ்டேடியா' 2023 ஜனவரியில் மூடப்பட்டது. வாங்கிய ஆட்டங்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தார்கள் என்பது மெய். ஆனால் வருஷக்கணக்காக ஆடிய பழக்கத்துக்கு யார் பணம் தருவது?

நாலாம் இரவு அவள் ஒரு பெரிய மீனைப் பிடித்தாள். டெலிபோனில் அவள் போட்ட கூச்சல் டில்லி ஹோட்டல் அறையில் எதிரொலித்தது. மறு நிமிஷம் நம் திரை இருண்டது. சென்னையில் மின்சாரம் போய்விட்டது! அந்த ஆட்டத்தில் ஒரு நாள் முடிந்து படுக்கைக்குப் போனால்தான் கணக்கு எழுதப்படும். ஆகவே மீனும் போயிற்று.

அழுவாளோ என்று பயந்தோம். சற்று நேரம் மௌனம். பிறகு, "போனால் போகிறது, அப்பா. அது எவ்வளவு பெரிசு என்று நீங்கள்தான் பார்த்தீர்களே!" என்றாள். மின்சாரம் திரும்பி வர முக்கால்மணி ஆயிற்று. இருட்டில் உட்கார்ந்தபடியே பள்ளிக்கூடத்துச் சண்டைகள், பாட்டியின் முழங்கால் வலி, மாடியில் குட்டி போட்ட பூனை எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். கம்ப்யூட்டர் மறுபடி விழித்தபோது இருவருக்கும் அதைத் தொடத் தோன்றவில்லை.

மறுநாள் ரயில் ஏறினோம். நிலம் அப்படியே இருக்கிறது. மீனும் அந்த ஆற்றில்தான் எங்கேயோ இருக்கிறது.