ஒரே புகைக்கு மூன்று கணக்கு: சிறு நிறுவனங்களுக்குப் புதிய சுமை

புது தில்லி: நாட்டின் பெரிய நிறுவனங்கள் தாம் வெளியிடும் பசுமைக்குடில் வாயுக்களின் அளவை ஆண்டுதோறும் அறிவிப்பது கட்டாயமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. ஆனால், பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான "செபி' ஒரு முறையிலும், மத்திய அரசு வேறொரு முறையிலும், ஐரோப்பிய யூனியன் மற்றொரு முறையிலும் கணக்குக் கேட்கின்றன. ஒரே ஆலையின் புகைக்கு மூன்று கணக்குப் புத்தகங்கள் எழுத வேண்டிய நிலை உருவாகியுள்ளது. கணக்கெழுதத் தனி அலுவலரை வைத்துக்கொள்ள வசதியற்ற சிறு, நடுத்தர நிறுவனங்களே இதனால் அதிகம் தடுமாறுகின்றன.

அளப்பது எப்படி?: புகைபோக்கியில் கருவி பொருத்தி இந்த வாயுக்கள் அளக்கப்படுவதாகவே பலரும் கருதுகின்றனர். பெரும்பாலும் அவ்வாறு நடைபெறுவதில்லை. எரிபொருள் ரசீதுகளும் மின் கட்டண ரசீதுகளுமே இக்கணக்குக்கு அடிப்படை. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. மின் தொகுப்பிலிருந்து பெறும் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ. இதற்கான அளவை மத்திய மின்சார ஆணையம் கணித்து வெளியிடுகிறது. பயன்படுத்திய அளவை இந்த எண்ணால் பெருக்கினால் உமிழ்வு கிடைத்துவிடும்.

உலக வள ஆய்வு நிறுவனமும், நீடித்த வளர்ச்சிக்கான உலக வர்த்தகக் குழுவும் இணைந்து 2001-இல் வெளியிட்ட வழிமுறையே பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது. அது உமிழ்வை மூன்றாகப் பிரிக்கிறது. நிறுவனத்தின் கொதிகலன், உலை, வாகனங்களிலிருந்து நேரடியாக வெளியாவது முதல் வகை. விலைக்கு வாங்கும் மின்சாரத்தால் ஏற்படுவது இரண்டாவது. மூலப்பொருள் தருவோர் முதல் பொருளைப் பயன்படுத்துவோர் வரை, நிறுவனத்தின் வாசலுக்கு வெளியே நிகழ்வன அனைத்தும் மூன்றாவது. பல தொழில்களில் மூன்றாவதே மிகப் பெரியது; கணக்கிடுவதற்குக் கடினமானதும் அதுவே.

ரூபாய்க் கணக்கு: சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டிலிருந்து பொறுப்புடைமை அறிக்கை தர வேண்டும் என "செபி' ஆணையிட்டது. முதலிரு வகை உமிழ்வுகள் கட்டாயம். மூன்றாவது விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளது. உமிழ்வின் மொத்த அளவோடு, விற்பனை வருவாயில் ஒரு ரூபாய்க்கு எவ்வளவு என்பதையும் தெரிவிக்க வேண்டும்.

இந்த ரூபாய்க் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் உமிழும் நிறுவனம் ரூ.1,000 கோடிக்கு விற்பனை செய்தால், கோடி ரூபாய்க்கு 100 டன். மறு ஆண்டு அதே அளவுப் பொருளை 10 சதவீதம் விலை உயர்த்தி விற்றால் இது 91 டன்னாகக் குறைந்துவிடும். புகை ஒரு டன்கூடக் குறைந்திருக்காது. எனவே, அறிக்கையைப் படிக்கும் முதலீட்டாளர் மொத்த அளவையும், உற்பத்தி டன்னுக்கான அளவையும் சேர்த்துப் பார்ப்பது அவசியம்.

டன் கணக்கு: மத்திய அரசின் அணுகுமுறை வேறு. எரிசக்தி சேமிப்புத் திருத்த மசோதா 2022 ஆகஸ்டில் மக்களவையிலும், டிசம்பரில் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. அதன் அடிப்படையில் 2023 ஜூனில் கரியமில வாயு வரவுச் சான்று வர்த்தகத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2025 அக்டோபரில் அலுமினியம், சிமென்ட், காகிதம், குளோர்-ஆல்கலி ஆகிய 4 துறைகளின் 282 ஆலைகளுக்கு இலக்குகள் நிர்ணயிக்கப்பட்டன. இங்கு கணக்கு நிறுவனத்துக்கு அல்ல, ஆலைக்கு; ரூபாய்க்கு அல்ல, உற்பத்தியாகும் ஒவ்வொரு டன்னுக்கு. இலக்கை எட்டாத ஆலை சான்று வாங்கி ஈடு செய்ய வேண்டும். தவறினால், சான்றின் சராசரி விலையைப் போல் இரு மடங்கு இழப்பீடு செலுத்த வேண்டும்.

இதிலும் பொறுப்பு இரு அமைச்சகங்களிடம் பிரிந்துள்ளது. இலக்கு விதிகளை வெளியிட்டது சுற்றுச்சூழல் அமைச்சகம். வர்த்தகத் திட்டத்தை நடத்துவது மின் துறை அமைச்சகத்தின் கீழுள்ள எரிசக்தித் திறன் அமைப்பு.

ஐரோப்பாவின் கணக்கு: இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம் உள்ளிட்ட பொருள்களின் இறக்குமதிக்கு ஐரோப்பிய யூனியன் கொண்டுவந்துள்ள கரியமில வரி ஏற்பாடு, 2023 அக்டோபரில் தகவல் திரட்டும் கட்டமாகத் தொடங்கி, 2026 ஜனவரி முதல் முழு நடைமுறைக்கு வந்துள்ளது. இங்கு நிறுவனமும் ஆலையும் பின்னுக்குச் செல்கின்றன. ஏற்றுமதியாகும் பொருள் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு வேண்டும்.

அலுமினியத்தை எடுத்துக்கொண்டால் வேறுபாடு விளங்கும். அதன் உற்பத்தியில் பெரும் உமிழ்வு மின்சாரத்தால் ஏற்படுவது. இந்திய நடைமுறைகள் இரண்டும் அதைக் கணக்கில் சேர்க்கின்றன. ஐரோப்பிய விதியோ அலுமினியத்துக்கும் இரும்புக்கும் மின்சார உமிழ்வை இப்போதைக்குச் சேர்ப்பதில்லை. மாறாக, மூலப்பொருளில் அடங்கிய உமிழ்வைக் கேட்கிறது. ஒரே ஆலை மூன்று இடங்களில் மூன்று எண்களைத் தருவது தவறல்ல. விதிகளே அப்படித்தான் உள்ளன.

சிறு ஆலைகளின் நிலை: பெரிய நிறுவனங்கள் ஆலோசகர்களை அமர்த்திச் சமாளித்துவிடும். லூதியானாவில் போல்ட், நட்டு தயாரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் சிறு ஆலையின் நிலை வேறு. பங்குச் சந்தையில் இடம்பெறாததால் "செபி' அதனிடம் எதுவும் கேட்கவில்லை. ஐரோப்பிய இறக்குமதியாளர் கேட்கிறார். விடையளிக்க, தனக்குக் கம்பி விற்ற உருக்காலையின் உமிழ்வுக் கணக்கு அந்த ஆலைக்குத் தேவை. அது இடைத்தரகர் மூலம் வாங்கப்பட்ட கம்பியாக இருந்தால், எந்த ஆலையில் உருவானது என்பதே தெரியாமல் போகலாம். சான்றளிக்கப்பட்ட உண்மையான அளவு இல்லையேல், ஐரோப்பிய ஆணையம் நிர்ணயித்த, கூடுதல் விகிதம் சேர்க்கப்பட்ட மதிப்பே பொருந்தும். சிக்கனமாக இயங்கும் ஆலையும் அதிகம் புகைவிடும் ஆலையாகவே கருதப்படும். ரசீது இல்லாததற்கான தண்டனை இது.

இந்த இடைவெளியை நிரப்பியிருக்கக்கூடிய ஏற்பாடு தள்ளிப்போனது. முதல் 250 நிறுவனங்கள், தங்களுக்குப் பொருள் வழங்குவோரின் விவரங்களையும் 2024-25 முதல் தர வேண்டும் அல்லது தராததற்குக் காரணம் கூற வேண்டும் என "செபி' முதலில் விதித்தது. தொழில் துறையின் சிரமங்களைக் கருதி, 2025 மார்ச்சில் இது ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டு, விருப்பத்துக்கு உரியதாகவும் மாற்றப்பட்டது. சிறு நிறுவனங்களுக்கு அது நிம்மதி தந்தது உண்மை. ஆனால், உள்நாட்டில் கணக்கெழுதிப் பழகும் வாய்ப்பும் அதனுடன் நழுவியது. ஐரோப்பா தனது நாளைத் தள்ளிவைக்கவில்லை.

செய்ய வேண்டியது என்ன?: மூன்று விதிகளையும் ஒன்றாக்குவது இந்தியாவின் கையில் இல்லை. ஆனால், மூன்றுக்கும் அடிப்படையான தரவுகள் ஒன்றே: எரிபொருள், மின்சாரம், மூலப்பொருள், உற்பத்தி. இவற்றை ஆலைவாரியாக ஒருமுறை பதிவு செய்தால், தேவைக்கேற்ப மூன்று கணக்குகளையும் அதிலிருந்தே பெறலாம். அத்தகைய பொதுப் பதிவேட்டை அமைக்கவும், உருக்காலைகள் தாம் விற்கும் இரும்புடன் உமிழ்வுச் சான்றையும் வழங்கச் செய்யவும் அமைச்சகங்களும் "செபி'யும் ஒன்றுகூடி முடிவெடுக்க வேண்டும். தற்போது அவை தனித்தனிப் பாதையில் செல்கின்றன. அதன் விலையை, எந்த அமைச்சகத்தின் கண்ணிலும் படாத சிறு ஏற்றுமதியாளர்கள் செலுத்த வேண்டியிருக்கும்.