முதலில் தண்ணீர், கடைசியில் வர்ணம்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். "பழைய வீட்டை வாங்கிப் பழுது பார்த்துப் பார்" என்று கூடவே ஒன்றைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்களே என்பதுதான் என் குறை! புது வீடு என்றால் காலி மனையில் செங்கல் அடுக்குகிறோம். பழைய வீடு என்றால், நமக்கு முன்னால் குடியிருந்தவர்கள் செய்து வைத்த நல்லதும் கெட்டதும் சுவரைச் சுரண்டச் சுரண்ட வெளியே வரும்.

போன இதழில் அடுப்படி அலமாரியைக் கறையான் தின்ற கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "அந்த வீட்டைச் சரி பண்ணின கதையை முழுசாக எழுதுங்களேன்" என்று சில சகோதரிகள் கேட்டிருக்கிறார்கள். எழுதுகிறேன். நாங்கள் பண்ணின இரண்டு தப்புகளையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் 22 வருடம் இரண்டு அறை வாடகை வீட்டில் குப்பை கொட்டிவிட்டு, 2021 தை மாதம் அடுத்த தெருவிலேயே இந்தப் பழைய வீட்டை வாங்கினோம். திண்ணை, ரேழி, கூடம், நடுவே முற்றம், பின்கட்டு, கொல்லையில் கிணறு. ஏழு வருடம் பூட்டிக் கிடந்ததால் மனை விலைக்கே கிடைத்தது. கூடத்துக்கு மெட்ராஸ் டெரஸ் கூரை. தேக்கு உத்தரம், அதன்மேல் கட்டைகள், அதற்கு மேல் சின்னச் செங்கல்லைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்திருப்பார்களே, அதுதான். "இதைப் போடும்போது பொம்பளைங்க வரிசையா உட்கார்ந்து கட்டையால தட்டிக்கிட்டே இருப்பாங்க, பார்த்திருக்கேன்" என்று என் மாமியார் கூரையை அண்ணாந்து பார்த்தார். அந்த ஒரு பார்வையிலேயே வீடு எங்களுக்குச் சொந்தமாகிவிட்ட மாதிரி இருந்தது.

ஆனால் கையிருப்பு முழுவதும் பத்திரப் பதிவோடு தீர்ந்துபோனது. ஒரு பக்கம் வாடகை, இன்னொரு பக்கம் கடன் தவணை. அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் குடும்பத்தோடு போய் நாமே முடிந்ததைச் செய்வது என்று தீர்மானித்தோம். அவர், நான், பெரியவள், சின்னவன், மேற்பார்வைக்கு என் மாமியார்!

முதல் தப்பு அந்த வருடமே நடந்தது. கூடத்துச் சுவரில் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு ஈரம். பூச்சு பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. வந்த மேஸ்திரி, "பழசைக் கொத்தி எறிஞ்சுட்டு சிமெண்ட் பூசிட்டா ஜம்முனு ஆயிடும்" என்றார். பூசினோம். ஜம்மென்றுதான் இருந்தது, ஐப்பசி மழை வரும்வரை! மார்கழியில் போய்ப் பார்த்தால் சிமெண்ட் பூச்சு அப்பளம் மாதிரி உப்பி நிற்கிறது. இரண்டடியில் இருந்த ஈரம் நாலடிக்கு ஏறி, பூச்சுக்கு மேலே வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

என் மாமியார்தான் தமக்குத் தெரிந்த ஒரு வயதான கொத்தனாரை அழைத்து வந்தார். அவர் சுவரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நேரே தெருவுக்குப் போனார், கொல்லையைச் சுற்றி வந்தார், முற்றத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"இது சுண்ணாம்புச் சுவரும்மா. கீழேருந்து ஏறுற ஈரம் சுவர் வழியாவே காத்துல காய்ஞ்சு போயிடும். சிமெண்டைப் பூசி வழியை அடைச்சா, அது எங்கே போகும்? மேலேதான் ஏறும். முதல்ல தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாருங்க. பூச்சை அப்புறம் பேசிக்கலாம்."

தண்ணீர் மூன்று வழியாக வந்துகொண்டிருந்தது. முதலாவது, தெரு. இந்தத் திண்ணைக்கு ஏற மூன்று படி இருந்ததாம். இப்போது ஒன்றுதான் தெரிகிறது. ரோடு போடும்போதெல்லாம் பழையதைத் தோண்டாமல் மேலே மேலே போட்டதில் மற்ற இரண்டும் மண்ணுக்குள் போய்விட்டன. தெருத் தண்ணீர் வீட்டைப் பார்த்து வராமல் என்ன செய்யும்? இரண்டாவது, அடைபட்டுக் கிடந்த முற்றத்துச் சாக்கடை. மூன்றாவது, கொல்லைச் சுவரை ஒட்டி யாரோ குவித்துவைத்த மண். ஓட்டிலிருந்து விழும் மழையெல்லாம் அதில் ஊறி நேரே அஸ்திவாரத்துக்குப் போயிருக்கிறது.

மண்ணைச் சின்னவன் வெட்டி அள்ளினான். சாக்கடையை அவர் சுத்தம் செய்தார். உள்ளேயிருந்து ஒரு பித்தளைக் கரண்டி, நாலு கோலிக் குண்டு, ஒற்றை மெட்டி எல்லாம் வந்தன! வாசலில் சிறிய மேடு கட்டித் தெருத் தண்ணீரைத் திருப்பினோம். ஓட்டு விளிம்பில் தகர வாய்க்கால் கட்டி, மழைத் தண்ணீரை மணலும் கூழாங்கல்லும் போட்ட தொட்டி வழியாகக் கிணற்றுக்கு விட்டோம். 2003-ல் மழைநீர் சேகரிப்பை அரசு கட்டாயமாக்கியபோது, "வீட்டுக்காரர் பாடு" என்று சும்மா இருந்தவள் நான். சொந்த வீடு என்றதும்தான் புத்தி வந்தது!

பிறகு சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, 2022 கோடை முழுவதும் சுவரை அப்படியே காய விட்டோம். வருகிறவர்கள் எல்லாம், "என்ன, வீட்டுக்குத் தோலை உரிச்சு வச்சிருக்கீங்க?" என்று கேலி பண்ணினார்கள். சிரித்து மழுப்பினேன். வேறென்ன செய்ய?

ஆடி மாதம் சுண்ணாம்புப் பூச்சு. சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தொட்டித் தண்ணீரில் போட்டால் உலை மாதிரி தளதளவென்று கொதிக்கும். கையிலோ கண்ணிலோ பட்டால் வெந்துவிடும். அதனால் கையுறையும் கண்ணாடியும் போடாமல் யாரும் கிட்டே வரக்கூடாது என்று கொத்தனார் கண்டித்துச் சொன்னார். பதினைந்து நாள் தண்ணீரில் ஊறவிட்டு, சலித்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து, இடித்த கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீர் விட்டுக் குழைத்தோம். ஒரேயடியாகத் தடியாக அப்பாமல், மெல்லிய பூச்சாக ஒன்றின் மேல் ஒன்று. சீக்கிரம் காய்ந்தால் வெடிக்கும் என்பதால் தினமும் லேசாகத் தண்ணீர் தெளிப்பது என் வேலை. மேலே சாதாரண வெள்ளைதான் அடித்தோம். அடுத்த மழைக்குச் சுவர் உப்பவில்லை.

அப்பாடா என்று இருந்தபோதுதான் இரண்டாவது தப்பு. இதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

2023-ல் பெரியவள் உண்டானாள். ஆவணியில் ஏழாம் மாதம், வளைகாப்பு. "சொந்த வீட்டுக் கூடத்தில்தான் பண்ண வேண்டும்" என்று அவர் பிடிவாதமாக இருந்தார். பாக்கி இருந்தது பெயிண்ட் வேலை மட்டும்தான். கதவு ஐந்து, ஜன்னல் பதினொன்று. சீக்கிரம் முடிய வேண்டும் என்று உப்புத்தாள் தேய்க்கும் மின்சார மெஷினை வாடகைக்கு எடுத்து வந்தார். மேலே காவி, அதற்குக் கீழே நீலம், அதற்கும் கீழே பச்சை. கூடமெல்லாம் பச்சைப் புழுதி பறந்தது.

ஐந்தாம் மாதத்தில் ஒரு வாரம் தங்க வந்திருந்த பெரியவளும் கூடவே வந்துவிட்டாள். "சும்மா உட்கார்ந்தா போரடிக்குதும்மா" என்று துடைப்பத்தை எடுத்து அந்தப் புழுதியைப் பெருக்கினாள். மூன்று நாள் பெருக்கியிருக்கிறாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "குனிஞ்சு நிமிர்ந்தா நல்லதுதான்" என்று சொன்னவளும் நானே!

நாலாம் நாள் பரிசோதனைக்குப் போனோம். பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னதும் டாக்டரம்மாவின் முகம் மாறியது.

"பழைய பெயிண்டையா தேய்ச்சீங்க? எத்தனை நாளா? இனிமே இந்தப் பொண்ணு அந்த வீட்டுக்குள்ளே காலே வைக்கக்கூடாது."

பழைய எனாமல் பெயிண்டில் ஈயம் கலந்திருக்குமாம். வீட்டு உபயோகப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்று நம் நாட்டில் விதி போட்டதே 2016-ல்தான். அது நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1 முதல். அதற்கு முன் அடித்த பெயிண்டில் அதைவிடப் பல மடங்கு இருக்கலாம். சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும்வரை அவ்வளவு பயமில்லை. தேய்த்தால் புழுதியாகவும், தீயில் காட்டினால் புகையாகவும் மூச்சில் போகும். தாயின் இரத்தத்தில் கலந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். "இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை" என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் கண்டறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறதாம்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். முடிவு வர எட்டு நாள். அந்த எட்டு நாளும் அவர் மெஷினைத் தொடவில்லை. சாயங்காலம் போய்த் திண்ணையில் தனியாக உட்கார்ந்துவிட்டு வருவார். "நான்தானே அவசரப்பட்டேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். எனக்கும் வாய் வரவில்லை. துடைப்பத்தை அவள் கையிலிருந்து பிடுங்காதவள் நான்தானே?

ஒன்பதாம் நாள் டாக்டரம்மா கூப்பிட்டார். பயப்படும் அளவில் இல்லை, சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் குறையாமல் சாப்பிடட்டும், அந்த வீட்டுப் பக்கம் மட்டும் போக வேண்டாம் என்றார். பெரியவளைக் கட்டிக்கொண்டு நான் அழுத அழுகையைப் பார்த்து, அவள்தான் எனக்குத் தைரியம் சொன்னாள்.

வளைகாப்பை நாத்தனார் வீட்டில் வைத்துக்கொண்டோம். "வீடு வாங்கி இரண்டரை வருஷமாச்சு, பெண்ணுக்கு வளைகாப்பு நாத்தனார் வீட்டிலேயா?" என்று காதுபடவே பேசினார்கள். என் மாமியாருக்கும் மனத்தாங்கல்தான். ஆனால் யாரோ அதைக் கேட்டபோது, "வீடு எங்கே ஓடிப் போகுது? புள்ளை நல்லபடியா வரட்டும்" என்று பட்டென்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை!

மிச்சப் பெயிண்டை முறைப்படி எடுத்தோம். ஜன்னல் கதவுகளைக் கழற்றி, கிணற்றுக்குத் தள்ளி, கொல்லையில் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் வைத்து, தண்ணீர் தெளித்து ஈரத்தோடு கையால் சுரண்டினோம். சுரண்டியதை மூட்டையாகக் கட்டி, அபாயக் குப்பை என்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுத்தோம். பெயிண்ட் உரியாமல் கெட்டியாக இருந்த கதவுகளைச் சுரண்டவே இல்லை, மேலேயே புதுப் பெயிண்ட் அடித்தோம். கூடத்தைத் துடைப்பம் போடாமல் ஈரத் துணியால் திரும்பத் திரும்பத் துடைத்தேன். ஒவ்வொரு தடவையும் வாளித் தண்ணீர் தெளிவாக வரும்வரை விடவில்லை.

ஐப்பசிக் கடைசியில் பேத்தி பிறந்தாள். 2024 தை மாதம் பால் காய்ச்சிக் குடிபோனபோது, அவளை மடியில் வைத்துக்கொண்டு பெரியவள் அந்தக் கூடத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் அவர் முகத்தில் பழைய சிரிப்பைப் பார்த்தேன்.

பழைய வீட்டில் கை வைக்கப் போகும் சகோதரிகளுக்கு நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவை:

1. மழை நாளில் ஒரு மணி நேரம் குடையோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கே நுழைகிறது என்று பார்த்து முதலில் அதை அடையுங்கள்.

2. சுண்ணாம்பில் கட்டிய சுவருக்குச் சுண்ணாம்பே பூசுங்கள். கொத்திய சுவரைக் காய விடப் பொறுமை வேண்டும்.

3. அடுத்தது மின்சாரம். பழைய ஒயர்களை மாற்றி, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, 30 மில்லி ஆம்பியரில் துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. ஒன்றைக் கட்டாயம் போடச் சொல்லுங்கள். ஈரச் சுவர் உள்ள வீட்டில் இது உயிர் காக்கும்.

4. பழைய பெயிண்டை உலர்ந்தபடி தேய்க்காதீர்கள், தீயில் காட்டாதீர்கள். வேலை நடக்கும் இடத்துக்குக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் வரவே கூடாது. வேலை செய்தவர் குளித்து உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்கட்டும். அந்தத் துணிகளைத் தனியாகத் துவையுங்கள்.

5. கொல்லையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால் உடைக்கவோ அறுக்கவோ வேண்டாம். அதன் தூசு நுரையீரலுக்கு ஆபத்து. தண்ணீர் தெளித்து முழுசாக இறக்கத் தெரிந்த ஆளை அழையுங்கள்.

6. விசேஷ நாளைக் கணக்கு வைத்து வீட்டு வேலையை நெருக்காதீர்கள். விசேஷத்தை வேறு வீட்டிலும் நடத்திக்கொள்ளலாம்.

தண்ணீர், மின்சாரம், பூச்சு, எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வர்ணம். நாங்கள் வர்ணத்துக்கு அவசரப்பட்டு எட்டு நாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தோம். நீங்களாவது அந்த எட்டு நாளைப் படாமல் இருக்க வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.

உங்கள் வாசலில் எத்தனை படி இருந்தது, இப்போது எத்தனை தெரிகிறது? வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்!