நான்கு மணி நேரத் தொலைவு



கடந்த மாதம் நம் சபையின் மூத்த தாயார் ஒருவருடைய அடக்க ஆராதனையை நடத்தினேன். சிங்கப்பூரில் கட்டுமான வேலை பார்க்கும் அவருடைய ஒரே மகன் வந்து சேரவில்லை. பந்தலில் அமர்ந்திருந்த ஒருவர், "நாலு மணி நேரப் பயணந்தானே, மனம் இருந்தால் வந்திருக்க மாட்டானா?" என்றார். பலர் தலையசைத்தனர். நானும் மறுத்துப் பேசவில்லை. அந்த மௌனம் என் மனத்தை உறுத்துவதால் இதை எழுதுகிறேன்.

அவர் சொன்ன கணக்கு தவறன்று. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வான்வழியே ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். விமானம் அதைச் சுமார் 4 மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. நம் எலவனாசூர்கோட்டையிலிருந்து உளுந்தூர்பேட்டைக்குச் சென்று, பேருந்து மாறி, பெரம்பலூர் வழியாகத் திருச்சி விமான நிலையத்தை அடைவதற்கும் காத்திருப்பையும் சேர்த்தால் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகிவிடுகிறது. ஆகவே சிங்கப்பூரைப் பக்கத்து ஊர் என்றே எண்ணிவிடுகிறோம்.

ஆனால் கடிகாரமும் நம்மை ஏமாற்றும். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முந்தியது. காலை 10 மணிக்கு இங்கே ஏறுகிறவர் அங்கே மாலை 4.30 மணிக்கு இறங்குகிறார். அங்கே காலை 10 மணிக்கு ஏறுகிறவரோ இங்கே 11.30 மணிக்கே இறங்கிவிடுகிறார். பறக்கும் நேரம் ஒன்றே; சீட்டில் காணும் நேரம் வேறு. முதலாளி தரவேண்டிய விடுப்பு, கடைசி நேரத்தில் ஏறிவிடும் கட்டணம், வேலைக்காக வாங்கிய கடன் ஆகியவையோ எந்தச் சீட்டிலும் அச்சிடப்படுவதில்லை. "விடுப்புக்காக இரண்டு நாள் காத்திருந்தேன், ஐயா" என்று அம்மகன் பின்னர் தொலைபேசியில் அழுதார்.

சீகன்பால்கு 1705 நவம்பரில் கோபன்ஹேகனில் கப்பலேறி, 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார். ஏழு மாதங்களுக்கும் மேற்பட்ட கடற்பயணம். அக்காலத்தில் தொலைவு தன்னை மறைத்துக்கொள்ளவில்லை. வழியனுப்பியவர்கள் பிரிவின் அளவை அறிந்தே வழியனுப்பினார்கள். இன்றோ விமானத்தின் வேகம் பிரிவை மறைக்கிறது. வர இயலாதவனை வர மனமில்லாதவன் என்று எளிதில் சொல்ல வைக்கிறது.

வசதியும் விடுப்பும் இருந்தும் பெற்றோரை மறந்த பிள்ளைகளும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் இருவரையும் பிரித்தறியாமல் சாவு வீட்டுப் பந்தலிலேயே தீர்ப்புச் சொல்வது நமக்குத் தகாது.

இன்னொரு தொலைவும் உண்டு. அந்தத் தாயாரின் வீடு என் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. அவர் படுக்கையில் கிடந்த இரண்டு மாதங்களில் நான் அங்கே சென்றது இருமுறை மட்டுமே. மகனுடைய நான்கு மணி நேரத்தைக் கணக்கிட்ட நம்மில் எத்தனை பேர் நம்முடைய ஐந்து நிமிடத்தைக் கணக்கிட்டோம்?

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெற்றோரின் பட்டியல் ஒன்றை வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் எழுதுவோம். வாரம் ஒருமுறை யாரேனும் ஒருவர் அவ்வீட்டுத் திண்ணையில் அமரட்டும். அவசரப் பயணத்துக்கென்று சிறு நிதி ஒன்றையும் சேர்ப்போம். கடலைச் சுருக்க நம்மால் இயலாது. தெருவைக் கடக்க இயலும்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.