வேலையைப் பறிப்பதற்குப் பெயர் 'விடுவித்தலாம்'!

2025 ஜூலை மாதக் கடைசியில் டாட்டா கன்சல்டன்ஸி கம்பெனி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தன்னிடம் வேலை செய்யும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 2 பேரை, அதாவது சுமார் 12,000 பேரை, வீட்டுக்கு அனுப்பப் போகிறது என்பதே விஷயம். ஆனால் அறிவிப்பின் வாசகம் அப்படிச் சொல்லவில்லை. கம்பெனி 'எதிர்காலத்துக்குத் தயாராகும் பயணத்தில்' இருக்கிறதாம். அந்தப் பயணத்தின் ஒரு பகுதியாக, வேலையில் பொருத்த முடியாத 'அசோசியேட்'டுகளை 'விடுவிக்க' நேருகிறதாம்!

யாரை, எதிலிருந்து விடுவிக்கிறார்கள்? சிறையில் கிடந்தவனை விடுவித்தால் அவன் வீட்டில் அடுப்பு எரியும். வேலையில் இருந்தவனை 'விடுவித்தால்' எரிகிற அடுப்பும் அணையும். வீட்டுக் கடனிலிருந்தோ, பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணத்திலிருந்தோ, ஊரிலுள்ள தாய் தகப்பனுக்கு மாதாமாதம் அனுப்ப வேண்டிய பணத்திலிருந்தோ கம்பெனி அவனை விடுவிக்கவில்லை. சம்பளத்திலிருந்து மட்டும் விடுவித்தது!

சிறுசேரியிலும் தரமணியிலும் கண்ணாடி மாளிகைகளுக்குள் வேலை செய்யும் நமது இளைஞர்களைக் கேளுங்கள், இப்படி ஒரு மூட்டை வார்த்தைகளை அவிழ்த்துக் கொட்டுவார்கள். மனிதனுக்கு அங்கே 'ரிசோர்ஸ்' என்று பெயர். நிலக்கரியும் தண்ணீரும்போல அவனும் ஒரு வளம், தீர்ந்தால் வேறு இடத்தில் தோண்டிக் கொள்ளலாம். வேலை ஒதுக்காமல் உட்கார வைத்தால் 'பெஞ்ச்'. இரவு பதினோரு மணிக்கு உட்கார வைத்து வேலை வாங்குவதற்குப் பெயர் 'ஓனர்ஷிப்'. ஓனர் என்றால் சொந்தக்காரன் அல்லவா? லாபத்தில் சல்லிக்காசு கேட்டுப் பாருங்கள், யார் சொந்தக்காரன் என்பது அப்போது தெரியும். 'சினர்ஜி', 'அலைன்மெண்ட்', 'பாண்ட்வித்' என்று இன்னும் எத்தனையோ உண்டு. காது புளித்துப் போகும். போகட்டும், இந்தச் சில்லறைச் சொற்களோடு நமக்குப் பெரிய சண்டை இல்லை. எரிச்சல் ஊட்டுவதோடு அவை நின்றுவிடுகின்றன. நம் சண்டை, சட்டத்தின் கண்ணில் மண்ணைத் தூவுகிற சொற்களோடுதான்.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையை நமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2006-இல் உற்பத்தி தொடங்கிய ஆலை. ஆயிரக்கணக்கானோர் வேலை பார்த்தனர்; அவர்களில் பெரும்பாலோர் சுற்று வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போன இளம் பெண்கள். 2014-இல் நோக்கியாவின் டெலிபோன் வியாபாரத்தை மைக்ரோசாப்ட் வாங்கியபோது, வரித் தகராறில் சிக்கிக் கிடந்த இந்த ஆலை விற்பனையில் சேரவில்லை. அதன் பிறகு தொழிலாளர்களுக்குக் கம்பெனி நீட்டிய காகிதத்தின் பெயர் என்ன தெரியுமா? விருப்ப ஓய்வுத் திட்டம்! இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பெண் 'ஓய்வு' பெறுகிறாள், அதுவும் 'விருப்ப'ப்பட்டு! அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் தேதி ஆலை மூடப்பட்டது. (அதே ஆண்டு ஜூலை 17 அன்று மைக்ரோசாப்ட் அதிகாரி தமது சிப்பந்திகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். 'ஹலோ' என்று குசலம் விசாரித்துத் தொடங்கி, வியாபார உத்திகளைப் பற்றிப் பத்தி பத்தியாக அளந்துவிட்டு, பிறகுதான் 12,500 பேரின் வேலை போகிறது என்ற விஷயத்துக்கு வந்தார். சாவுச் செய்தி கொண்டு வந்தவன் மழையைப் பற்றி அரைமணி நேரம் பேசின கதைதான்!)

இந்த 'விருப்பம்' வெறும் பூச்சு வேலை அல்ல. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற ஆலையில் ஆட்குறைப்புச் செய்ய சர்க்காரின் முன் அனுமதி வேண்டும் என்பது அன்றைய சட்டம். ஆட்குறைப்பு என்றால் என்ன என்று சொல்லும் ஷரத்தோ, தொழிலாளி தானாக விரும்பி ஓய்வு பெறுவது ஆட்குறைப்பில் சேராது என்று கூறுகிறது. கம்பெனி வக்கீலுக்கு இவ்வளவு போதாதா? 'விருப்பம்' என்ற ஒரே சொல்லுக்குள் அனுமதிக் கேள்வி முழுவதும் புதைந்து போகிறது. கம்ப்யூட்டர் கம்பெனிகளில் இதே வித்தை 'ராஜினாமா' என்ற பெயரில் நடக்கிறது. மனிதவள அதிகாரி அறைக்குள் தனியாக அழைத்து, "நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள், அனுபவச் சான்றிதழாவது சுத்தமாகக் கிடைக்கும்" என்று தேன் ஒழுகப் பேசுவார். அவர் கேட்பது வெறும் கையெழுத்து என்று நினைத்தால் ஏமாந்தோம். ஒரு மாத நோட்டீசும், வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பள நஷ்டஈடும் அந்தக் கையெழுத்தோடு போய்விடும்.

மத்திய சர்க்கார் இவர்களுக்கு மேலும் வசதி செய்து கொடுத்திருக்கிறது. 2020-இல் நிறைவேற்றி 2025 நவம்பர் 21 முதல் அமுலுக்குக் கொண்டு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில், அந்த நூறு பேர் என்ற வரம்பு 300 ஆகிவிட்டது. குறிப்பிட்ட காலத்துக்கென்று எடுத்த தொழிலாளியை அக்காலம் முடிந்ததும் அனுப்பினால் அதுவும் ஆட்குறைப்பில் சேராது. இதற்கு அவர்கள் சூட்டிய பெயர் 'சீர்திருத்தம்'.

பெயர் சூட்டும் இந்தக் கலை நேற்றுப் பிறந்ததல்ல. ஒரே தொழிலாளி இரண்டு பேருடைய தறிகளைப் பார்க்க வேண்டும், மற்றவன் தெருவில் நிற்க வேண்டும் என்பதற்கு மில் முதலாளிகள் அந்தக் காலத்தில் 'ரேஷனலைசேஷன்', அதாவது அறிவுக்குப் பொருந்தச் செய்தல் என்று பெயரிட்டார்கள். அந்த 'அறிவை' எதிர்த்து 1955-இல் கான்பூர் ஜவுளித் தொழிலாளர்கள் 80 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

இப்போது தெருவுக்கு வருவோம். முதுகில் பெரிய பையைச் சுமந்துகொண்டு, மழையிலும் வெயிலிலும் மோட்டார் சைக்கிளில் சோறு கொண்டுபோகிற இளைஞனுக்குப் பெயர் 'டெலிவரி பார்ட்னர்'. நம் ஊரில் பங்காளி என்றால் சொத்தில் பாகம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போகிறவன்! இந்தப் பங்காளிக்கோ பெட்ரோல் அவன் செலவு, வண்டி அவன் கடன், கால் முறிந்தால் வலியும் அவனுடையது. கூலியை எவ்வளவு குறைப்பது என்பது மட்டும் கம்பெனியின் உரிமை.

லண்டனில் 'ஊபர்' கம்பெனி இதே நாடகத்தை ஆடியது. தன் டிரைவர்கள் தொழிலாளிகள் அல்ல, ஆளுக்கொரு சிறு வியாபாரம் நடத்துகிறவர்கள் என்று வாதாடியது. 2016-இல் வழக்கைக் கேட்ட தொழில் டிரிப்யூனல், கம்பெனி கற்பனைகளையும் திருகிய பாஷையையும் புதிதாகச் செய்த சொற்களையும் நாடுகிறது என்று பச்சையாக எழுதிவிட்டது. முப்பதாயிரம் சிறு வியாபாரங்கள் ஒன்று சேர்ந்ததுதான் ஊபர் என்ற வாதம் நகைப்புக்கிடமானது என்றது. 2021 பிப்ரவரியில் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டும் டிரைவர்கள் தொழிலாளிகளே என்று தீர்ப்பளித்தது. சோறு கொண்டுபோகும் 'டெலிவெரூ' கம்பெனியோ, எந்தச் சொல்லைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று தன் அதிகாரிகளுக்கு ஜாபிதாவே கொடுத்திருந்தது. அது 2017-இல் பத்திரிகைகளில் வெளியாயிற்று. தொழிலாளி என்னாதே, 'சுயேச்சை சப்ளையர்' என்று சொல். யூனிபாரம் என்னாதே, 'கிட்' என்று சொல்! இந்தப் பாஷை பலிக்காமலும் போகவில்லை. தனக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்பலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது என்பதை முக்கிய ஆதாரமாகக் கொண்டு, 2023-இல் அதே சுப்ரீம் கோர்ட் டெலிவெரூ தொழிலாளர்களின் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. காகிதத்தில் உள்ள ஒரு வரி என்ன செய்யும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இங்கேயோ கோர்ட்டுக்குப் போகுமுன்பே பார்லிமெண்டு கதவைச் சாத்திவிட்டது. 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 'கிக்' தொழிலாளி என்பவன் வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே சம்பாதிப்பவன் என்று இலக்கணம் வகுக்கிறது. உறவுக்கு வெளியே என்றால், உத்தரவு போடுவது யார்? தாமதமானால் தண்டிப்பது யார்? ஒரு பொத்தானைத் தட்டி அவன் பிழைப்பையே முடக்குவது யார்? நல நிதிக்குக் கம்பெனி ஆண்டு வருமானத்தில் நூற்றுக்கு 1 முதல் 2 வரை கொடுக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். கிடைப்பது கிடைக்கட்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் தர்மப் பெட்டியில் போடும் காசு கூலியாகிவிடுமா?

கம்யூனிஸ்டுகளின் பாஷை மட்டும் என்ன வாழ்ந்தது, அதுவும் கரடுமுரடுதானே என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். கரடுமுரடாகவே இருக்கட்டும். 'சுரண்டல்' என்ற சொல்லைக் கேட்டு, அதைச் சம்பள உயர்வு என்று எவனும் தவறாக நினைத்ததில்லை!

சொற்களின் மீது முதலாளிக்கு எவ்வளவு ஆசை என்பதை சாம்சங் தொழிலாளர்கள் நேரில் பார்த்தார்கள். ஸ்ரீபெரும்புதூர் ஆலைத் தொழிலாளர்கள் சி.ஐ.டி.யு. துணையோடு சங்கம் அமைத்ததும், சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் வரக்கூடாது, அது எங்கள் வியாபார முத்திரை என்று கம்பெனி ஆட்சேபித்தது. குளிர்பெட்டியின் மேல் அந்தப் பெயரை ஒட்டும் கை, சங்கப் பலகையில் அதை எழுதக் கூடாதாம்! 2024 செப்டம்பர் 9 தொடங்கி 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. பந்தலைப் பிரித்தார்கள், தோழர்களைக் கைது செய்தார்கள், விவகாரம் ஹைகோர்ட் வரை போயிற்று. 2025 ஜனவரி 27 அன்று சங்கம் பதிவாயிற்று. அதன் பெயர் சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம்.