நிலப்பனையை அகழாது அறிதல்

வண்டிப்பெரியாரிலிருந்து குமுளி வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கிற்கு இறங்குவோர், தேயிலைத் தோட்டங்கள் நீங்கி வறண்ட இலையுதிர் காடுகள் தொடங்குவதைக் காண்பர். இத்தகைய காடுகளின் தரையில், மழை பெய்தபின் தலைகாட்டும் செடிகளுள் ஒன்று நிலப்பனை. தாவரநூலார் இதனைக் கர்க்குலிகோ ஆர்க்கியாய்டிஸ் என்பர். மலையாள நாட்டார் தசபுஷ்பங்களுள் ஒன்றாகப் போற்றுவர்.

இதனை இனங்காண, பலரும் முதலிற் செய்வது கிழங்கை அகழ்ந்து அதன் கருநிறத்தை நோக்குவதேயாகும். இது வேண்டாத செயல் என்பது எமது கருத்து. கிழங்கு செங்குத்தாக மண்ணுள் இறங்குவது; அதனை எடுத்தால் செடியே இல்லையாகும். மருந்துக்கென அகழப்பெறும் இச்செடி, பாடத்திற்கெனவும் அழிதல் வேண்டுமோ?

தரைக்கு மேலுள்ள அடையாளங்களே போதுமானவை. இலை, பனங்கன்றின் இலைபோல் நெடுக மடிப்புடையது, ஆயின் மென்மையானது. பூவில் மஞ்சள் நிற இதழ்கள் ஆறு, மகரந்தத் தாள்கள் ஆறு. புறவிதழ் மூன்றின் முதுகில் நீண்ட மயிர் காணலாம். பூவைத் தாங்கும் காம்பெனத் தோன்றுவது, உண்மையில் சூலகத்தின் நீண்ட அலகே. சூலகமோ இலையடியில் மறைந்திருக்கும். கூன்வண்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து இப்பேரினப் பெயர் பிறந்தமைக்கும், வண்டின் மூக்கை ஒத்த அவ்வலகே காரணம். இதன் உறவினதான ஹைப்பாக்சிஸ் ஆரியாவிற்கும் மஞ்சட்பூவும் மயிரும் உண்டு. ஆனால் அதன் இலை புல்லெனக் குறுகியது, சூலகம் பூவின் கீழே வெளிப்படையாகத் தெரியும்.

மொழிபெயர்ப்பாளர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. செடிமயிரின் வகைகளுக்கு ஆங்கில நூல்களில் தனித்தனிச் சொற்கள் உள. அனைத்தையும் 'உரோமம்' என்றெழுதின் அடையாளம் மறைந்துவிடும். தொட்டால் அரிப்பதைச் சுணை என்றும், நிலப்பனையில் உள்ளதை நீண்ட மென்மயிர் என்றும் பிரித்தெழுதினால், களப்பணியாளர் ஐயமின்றி அறிவர்.

உலர்தாவரத் தொகுப்புக்குக் கிழங்கும் வேண்டுமே எனச் சிலர் வினவலாம். ஆராய்ச்சிக்கு, உரிய அனுமதியுடன் ஒரு மாதிரி எடுத்தல் தகும். வகுப்பறைக்கு வரைபடமும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் போதும். மேலும், இலைநுனி மண்ணைத் தொடுமிடத்தில் புதுக்கன்று முளைப்பதும் உண்டு. அவ்வியப்பை மாணவர் கண்டறிதல், செடி நின்ற இடத்திலேயே நிற்பின் அன்றோ இயலும்? ஆதலின் ஆசிரியர்கள் மாணவரைச் செடியிருக்கும் இடத்திற்கு அழைத்துச் செல்க. செடியை வகுப்பிற்குக் கொணர வேண்டா.