மவுஸைப் பிள்ளையிடம் விடுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் என்னிடம் முதலில் கேட்பது, "பிள்ளை படிப்புக்கு என்ன சாஃப்ட்வேர் போடலாம்?" என்பதுதான். அவர்கள் மனதில் இருப்பது பெரும்பாலும் கேள்வி-பதில் வகை. நான்கு விடைகள் வரும். சரியானதைக் கிளிக் செய்தால் கைதட்டல் கேட்கும். மனப்பாடத்துக்கு உதவும், மறுக்கவில்லை. ஆனால் அதில் கம்ப்யூட்டர்தான் பிள்ளையை வேலை வாங்குகிறது.

பிள்ளைதான் கம்ப்யூட்டரை வேலை வாங்க வேண்டும் என்றவர் சீமோர் பேப்பர்ட் என்ற கணித அறிஞர். 1967-ல் அவரும் நண்பர்களும் அமெரிக்காவில் குழந்தைகளுக்காக உருவாக்கிய புரோகிராம் மொழி 'லோகோ'. திரையில் உள்ள ஆமையை "100 அடி போ, 90 டிகிரி திரும்பு" என்று நான்கு முறை ஏவினால் சதுரம் வரைந்துவிடும்.

இதன் வாரிசு, எம்.ஐ.டி. 2007-ல் வெளியிட்ட 'ஸ்கிராட்ச்'. இலவசம். ஆமைக்குப் பதில் பூனை. கட்டளைகளை டைப் செய்யத் தேவையில்லை, மவுஸால் இழுத்து ஒட்டினால் போதும். கோடு போட, இடது கீழ் மூலையில் உள்ள பட்டனைக் கிளிக் செய்து 'பென்' வசதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 'பென் டவுன்' கட்டளையை முதலில் வையுங்கள்.

இப்போது, மூன்று பக்கமும் சமமான முக்கோணம் வரையச் சொல்லுங்கள். மூலைக்கு 60 டிகிரி என்று பாடத்தில் படித்த பிள்ளை 60 என்றுதான் கொடுக்கும். கோடுகள் ஒன்றுசேராமல், பாதி அறுகோணமாக நின்றுவிடும்!

பக்கத்தில் இருக்கும் நமக்குக் கை பரபரக்கும். மவுஸைப் பிடுங்கி 120 என்று திருத்திவிடாதீர்கள். பிள்ளையை எழுந்து ஹாலில் முக்கோணமாக நடக்கச் சொல்லுங்கள். நேராகப் போகிறவர் மூலையில் எவ்வளவு திரும்பினால் உள்ளே 60 டிகிரி மிஞ்சும்? 180-ல் 60 போக 120. காலால் நடந்து கண்டுபிடித்த கணக்கு மறக்காது. (முதல் தடவையே ஒழுங்காக ஓடும் புரோகிராமைப் பார்த்தால் எங்கள் ஆபீசில் சந்தேகம்தான் வரும்!)

இதற்கெல்லாம் ரேங்க் கார்டில் மார்க் கிடையாது. அரை மணி நேரத்தில் ஒரே ஒரு முக்கோணம்தான் வந்திருக்கும். அந்த நேரத்தில் கேள்வி-பதில் சாஃப்ட்வேரில் ஐம்பது கேள்விகளை முடித்திருக்கலாம். எனக்கு முக்கோணமே போதும்.

அடுத்து ஐந்து பக்க உருவம் கேளுங்கள். எத்தனை டிகிரி என்று பிள்ளை உங்களைக் கேட்டால், தெரிந்தாலும் சொல்லாதீர்கள்.