கலியாணப் படம் யாருடைய கையில்?

பாடசாலை விடுமுறை வந்தால் எமது பிரதேசத்தில் கலியாணக் காலம். மறுநாள் போனைத் திறந்தால், நாம் போகாத கலியாணத்து மணமகளையும் பார்த்துவிடுகிறோம். படம் பிடித்த தம்பியின் பேஜில், அவரது பெயர் பொறித்துக் கிடக்கிறது.

பிலிம் காலத்தில் ஒரு ரோலுக்கு 36 படம். ஒவ்வொன்றுக்கும் காசு. ஸ்டூடியோக்கார நானா ஆட்களை நிறுத்தி, சாரித் தலைப்பைச் சரிசெய்யச் சொல்லி, எல்லோரும் கண் திறந்திருக்கிறார்களா என்று பார்த்துத்தான் அழுத்துவார். பெண்கள் பக்கம் போவதென்றால் வீட்டு ஆள் ஒருவர் கூடவே போவார். கழுவிய பிறகு படம் அல்பத்துக்கு, நெகட்டிவ் உறைக்குள். அல்பத்தை யாருக்குக் காட்டுவது என்பது வீட்டு உம்மாமாரின் தீர்மானம். அந்தத் தலைமுறை முழுக்கப் பேணுதலானது என்று சொல்ல வரவில்லை. ஸ்டூடியோ கண்ணாடிக்குள் ஊராட்களின் படம் தொங்கியதும் உண்மைதான். ஆனால் அதைப் பார்க்க அந்தத் தெருவால் நடந்து போக வேண்டும்.

இன்றைய தம்பிமார் தொழிலில் குறைந்தவர்கள் இல்லை. மங்கல் வெளிச்சத்திலும் பிளாஷ் இல்லாமல் எடுக்கிறார்கள், சிரிப்பு தானாக வரும்வரை காத்திருக்கிறார்கள். பிரதியும் நாலு இடத்தில் இருக்கும். 2004 சுனாமியில் கல்முனை, மருதமுனைக் கரையோரத்தில் வீட்டோடு அல்பத்தையும் இழந்தவர்களுக்கு இதன் பெறுமதி தெரியும். ஆனால் அப்படி அழியாத படம், வெளியே போனால் திரும்பியும் வராது. பேஜில் அழித்தாலும் யாரோ ஒருவரின் வட்ஸ்அப்பில் கிடக்கும்.

அவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. பேஜில் படம் போடாவிட்டால் அடுத்த ஓடர் கிடைப்பது கஷ்டம். "பேஜில போடுங்க, கொஞ்சம் குறைச்சுத் தாங்க" என்று பேரம் பேசுவதும் நமது வீடுகள்தான். வாப்பாவும் மாப்பிள்ளையும் பேசி முடித்துவிடுவார்கள். மணமகளிடம் யாரும் கேட்பதில்லை. பக்கத்தில் நிற்கும் சாச்சி, மச்சி, அவர்களின் பிள்ளைகளிடம் கேட்கும் பேச்சே இல்லை.

படம் ஓர் அமானிதம். அட்வான்ஸ் கொடுக்கும்போதே எது பேஜுக்குப் போகும், எது போகாது என்று எழுதிக்கொள்ளுங்கள். மணமகளின் கையொப்பமும் அதில் இருக்கட்டும். தம்பிமாரே, மேடை அலங்காரம், மருதோன்றி போட்ட கை, சஹன் சாப்பாடு என்று போட்டே ஓடர் எடுக்கும் ஆட்கள் உங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த விடுமுறைக்கு அட்வான்ஸ் கொடுத்து முடித்தவர்கள், இன்றைக்கே ஒரு கோல் எடுத்துப் பேசிக்கொள்ளுங்கள்.